தொடாமல் பார்க்கும் வேலை

அந்தப் பள்ளியில் நான் அட்டெண்டராகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் பதினாறு வருடம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் வேலை செய்தேன். இரண்டு கைகளிலும் தோல் வெடித்து, எந்த மருந்துக்கும் ஆறவில்லை. இனிமேல் தோல் பதனிடும் தண்ணீரில் கை நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை நனையாமல் அங்கே செய்யக்கூடிய வேலை எதுவும் எனக்குத் தெரியாது. படிப்பும் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. மச்சான் ஒருவர் சொல்லி இந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது.

இது செவிலியர்களுக்கான பள்ளி. ஒரு பக்கம் சின்னப் பெண்கள் இரண்டு வருடப் படிப்பு படிப்பார்கள். இன்னொரு பக்கம் ஆறு மாதப் பயிற்சி ஒன்று நடக்கும். அதற்கு வருகிறவர்கள் கிராமங்களில் இருபது, இருபத்தைந்து வருடம் பிரசவம் பார்த்தவர்கள், தடுப்பூசி போட்டவர்கள், வீடு வீடாக நடந்து கால் தேய்ந்தவர்கள். அவர்களை ஹெல்த் விசிட்டர் ஆக்குவதற்கான பயிற்சி அது. ஹெல்த் விசிட்டர் என்றால் ஐந்தாறு கிராம நர்சுகளுக்கு மேலே இருந்து, அவர்கள் வேலையை நேரில் பார்த்து, தவறு இருந்தால் திருத்த வைக்கிறவர். ஊரில் எல்லோரையும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். இப்படி ஒரு படி இருக்கிறது என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும்.

எனக்குக் கொடுத்த பொறுப்பு செய்முறை அறை. ஆறு ரப்பர்க் குழந்தைகள், ஒரு பிளாஸ்டிக் இடுப்பு, எடை பார்க்கும் தராசுகள், ரத்த அழுத்தக் கருவிகள், நர்சுகள் வீடுகளுக்குத் தூக்கிப் போகும் பைகள் எல்லாம் அங்கே இருக்கும். சாயங்காலம் குழந்தைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பவுடர் அடித்து அடுக்க வேண்டும். பவுடர் அடிக்காவிட்டால் ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டேனரியோடு ஒப்பிட்டால் இது வேலையே இல்லை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பது எனக்கு இன்னும் சௌகரியம்.

பயிற்சிக்கு வந்தவர்களுக்கு வகுப்பில் உட்காருவது பழக்கமில்லை. பாடம் நடக்கும்போதே ஊரிலிருந்து போன் வரும். 'வலி வந்திடுச்சாம்மா? எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா?' என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்து பேசுவார்கள். பாடம் எடுத்த மேடம் அவர்களைவிட வயதில் சிறியவர். முதல் நாள் அவர் சொன்னதை நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"உங்களுக்கு ஊசி போடத் தெரியும். பிரசவம் பாக்கத் தெரியும். என்னைவிட நீங்க பாத்தது ஜாஸ்தி. அதையெல்லாம் நான் சொல்லிக் குடுக்கப் போறதில்ல. இந்த ஆறு மாசத்துல நீங்க கத்துக்க வேண்டியது ஒண்ணுதான். செய்யாம இருக்கறது."

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது.

"சிரிக்காதீங்க. கிராம நர்சு வேலை செய்யும்போது நீங்க பாக்கணும், கேக்கணும், சொல்லணும். கை வைக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நிறுத்தச் சொல்லலாம். அப்பவும் நிறுத்தத்தான் சொல்லணும், நீங்களே வாங்கிச் செய்யக் கூடாது. நீங்க செஞ்சுட்டு வந்துட்டா அடுத்த மாசமும் அந்தப் பொண்ணு அதே தப்பைத்தான் செய்யும்."

பழகுவதற்காக, பார்க்கும்போது படிவம் செருகிய அட்டையைப் பின்னால் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஆறு மாதமும் செய்முறை அறையில் யாராவது ஒருவர் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

முதலில் அவர்களுக்குள்ளேயே ஒருவர் கிராம நர்சாகவும் இன்னொருவர் மேற்பார்வையாளராகவும் நடித்தார்கள். சரிவரவில்லை. எல்லோருக்கும் வேலை தெரியும் என்பதால் யாரும் உண்மையான தவறு செய்யவில்லை. வேண்டுமென்றே செய்த தவறுகள் சினிமாவில் பொய்யாக விழுகிற மாதிரி இருந்தன. மேடம் சுற்றிலும் பார்த்தார். நான் அலமாரிக்குப் பக்கத்தில் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இங்க வாப்பா. இந்தக் குழந்தைக்கு எடை பாரு."

ரப்பர்க் குழந்தையை ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன். தராசு முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

"புது நர்சம்மா வந்துட்டாங்க" என்றார் ஒருவர்.

"மீசைய எடுத்துட்டு வரச் சொல்லுங்கடி, புள்ளைங்க பயந்துக்கும்."

அன்றிலிருந்து பயிற்சி முடிகிற வரை தினமும் ஒரு மணி நேரம் நான் கிராம நர்சு. யூனிபார்ம் போடவில்லை, அவ்வளவுதான். அவர்கள் என் மேற்பார்வையாளர்கள். என் தவறுகளெல்லாம் உண்மையானவை என்பதில் மேடத்துக்குத் திருப்தி.

அந்த வருடம் வந்தவர்களில் காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு சிஸ்டர் இருந்தார். ஐம்பத்தொரு வயது. குள்ளம், பருமன், முட்டி வலி. எல்லோரையும்விட வேலை தெரிந்தவர். ஆனால் போன வருடம் இதே பயிற்சியில் தவறியவர். கடைசிப் பரீட்சை ஊரில், நிஜமான நர்சை வைத்து நடக்கும். அந்த நர்சு தராசு முள்ளைச் சரி செய்யாமல் குழந்தையைப் படுக்க வைத்திருக்கிறாள். இவர் போய் முள்ளைத் திருப்பி, குழந்தையைத் தூக்கி எடை பார்த்து, அட்டையில் எழுதி, துணியில் சுற்றித் தாயிடமும் கொடுத்துவிட்டார். தேர்வாளர் முட்டை போட்டுவிட்டார்.

"குழந்தை நல்லா இருந்துச்சு. நான்தான் பெயிலு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பள்ளியில் இரண்டு தடவைக்கு மேல் பரீட்சைக்கு விடமாட்டார்கள். இந்தத் தடவையும் போனால் பழைய துணைச் சுகாதார நிலையத்துக்கே திரும்பி, ஓய்வு பெறும் வரை அங்கேயே நடக்க வேண்டும். அது மட்டும் இல்லை. அவரிடம் வேலை பழகிய ஒரு பெண் போன வருடமே தேறிப் போயிருந்தாள். அவருடைய பகுதிக்கு அவள்தான் வருவாள் என்று பேச்சு.

ஒரு நாள் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "நான் கை புடிச்சு ஊசி போடக் கத்துக் குடுத்த பொண்ணு தம்பி. எனக்கு மேல வந்து நிக்கப் போவுது. நிக்கட்டும், நல்ல பொண்ணுதான். ஆனா என் ரிஜிஸ்டர தொறந்து வச்சுக்கினு, 'இன்னாக்கா இது'ன்னு கேக்கும் பாரு. அதத்தான் என்னால நெனச்சுப் பாக்க முடியல."

நான் குழாயை மூடினேன். அவர் இன்னும் கழுவி முடிக்கவில்லை. மறுபடி திறந்தேன்.

அவர் என்னை மேற்பார்வை செய்வது இப்படி இருக்கும். நான் குழந்தையைத் தூக்கப் போவேன். 'தலைய தாங்கு தம்பி' என்பார். அதுவரை சரி. நான் தலையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அட்டை கீழே விழுகிற சத்தம் கேட்கும். குழந்தை அவர் கையில் இருக்கும். எப்போது வாங்கினார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேடம் 'கை' என்று மட்டும் சொல்வார். சிஸ்டர் குழந்தையைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு அட்டையைப் பொறுக்குவார்.

தடுப்பூசியில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வரும். கூடவே வருகிற தண்ணீரைக் கலந்துதான் போட வேண்டும். கலந்த பிறகு நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். அதனால் கலந்தவுடனே சின்னப் புட்டியின் மேல் மணியை எழுத வேண்டும். நான் வெறும் தண்ணீர்ப் புட்டியில் பழகுவேன். மணி எழுத மறந்துபோவேன். அவர் உடனே பேனாவை எடுத்து எழுதிவிடுவார்.

ஒரு தடவை மேடம் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது யார் எழுதுனது?"

"நான்தான் மேடம்."

"அவர் எத்தன மணிக்குக் கலந்தார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலயேதான நிக்கறேன்."

"ஃபீல்டுல பக்கத்துல நிக்க மாட்டீங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ போவீங்க."

"தெரியுது மேடம். கை கேக்க மாட்டேங்குது."

அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாகச் செய்முறை அறைக்கு வந்தார். இன்னொரு தடவை பழகலாம் என்றார். நான் எடை பார்த்தேன். அவர் வாங்கினார். மறுபடி பார்த்தேன். மறுபடி வாங்கினார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீங்களே வாங்கிச் செஞ்சுட்டா எனக்கு எப்பதான் சிஸ்டர் வரும்?"

சொல்லிவிட்டு எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பவுடர் டப்பாவை எடுக்கிற மாதிரி அலமாரிப் பக்கம் போனேன். டேனரியில் ஷேவிங் மெஷின் ஒன்று இருந்தது. தோலின் கனத்தைச் சீவிச் சமமாக்குகிற மெஷின். அதன் கத்தியைச் செட் பண்ணப் பழகினால் நல்ல இடம். நான் திருகைத் தொடும்போதெல்லாம் மேஸ்திரி, 'தள்ளுடா' என்று என்னை நகர்த்திவிட்டுத் தானே செய்வார். அவர் நல்லவர். என் விரல் போய்விடும் என்ற பயம் அவருக்கு. பதினாறு வருடமும் நான் தோல் ஊற வைக்கிற டிரம்மில்தான் இருந்தேன். இதையும் சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வாயி இருக்கா தம்பி உனக்கு?" என்றார் சிஸ்டர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "சரி, இன்னொரு வாட்டி செய்யி. நான் உக்காந்துக்கறேன். உக்காந்தா எட்டாது."

அப்படி ஒரு மாதம் போல உட்கார்ந்து பார்த்தார். பிறகு நின்று பார்த்தார். எனக்கு எடை பார்க்க நன்றாகவே வந்துவிட்டது. முள்ளைச் சரி செய்வது, அடியில் துணி விரிப்பது, குழந்தை நெளியும்போது கண்ணை முள்ளிலேயே வைத்திருப்பது எல்லாம் வந்துவிட்டது. ரப்பர்க் குழந்தை நெளியாது. அவர்தான் நெளிய வைக்கச் சொல்வார்.

குடியாத்தத்தில் வீட்டுப் பார்வைக்குப் போன நாளில் நான் பை தூக்கப் போயிருந்தேன். விசைத்தறி ஓடுகிற வீடு. லுங்கி நெய்கிற சத்தத்தில் கிராம நர்சு கேட்ட கேள்வி கர்ப்பிணிக்குக் காதில் விழவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நர்சு எல்லாவற்றையும் 'ஆம்' என்று எழுதிக்கொண்டே போனாள். சிஸ்டர் நர்சின் முகத்துக்கு நேராக வந்து நின்று, வாசலைத் தலையால் காட்டினார். மூவரும் வெளியே போய்ப் பேசினார்கள். கை பின்னாலேயே இருந்தது. மேடம் எதையோ எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் பெண்ணின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்த சிஸ்டர் சட்டென்று குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டார்.

"கை" என்றார் மேடம்.

"முட்டி வலியோட குனிஞ்சேனே மேடம், அதுக்காவது மார்க் போடுங்க."

சிஸ்டரின் பரீட்சை ஒரு புதன்கிழமை. புதன்கிழமைதான் ஊர்களில் தடுப்பூசி நாள். ஆம்பூரைத் தாண்டி, டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கிற ஒரு ஊரின் அங்கன்வாடியில் வைத்திருந்தார்கள். வேன் டிரைவர் என்னையும் நாற்காலிகளையும் தராசையும் எட்டரை மணிக்கு அங்கே இறக்கிவிட்டு, மேடத்தையும் சிஸ்டரையும் அழைத்து வரத் திரும்பினார். தேர்வாளர் சென்னையிலிருந்து வர வேண்டும்.

அந்த ஊர் நர்சு சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்றைக்குப் பரீட்சை உனக்கு இல்லை என்று மேடம் போனில் பல தடவை சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை. மேசை விரிப்பை நான்கு தடவை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

"அண்ணா, பரிட்சை வைக்க வர்றவங்க ரொம்ப ஸ்ட்ரிக்டா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. நான் பார்த்ததில்ல."

ஒரு பாட்டி பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார். தட்டம்மை ஊசி. அந்தப் பெண் மருந்தைக் கலந்தாள். அவள் கலக்கும்போது எதிரே இருந்த டேனரியில் ஒன்பது மணிச் சங்கு ஊதியது. குழந்தை சங்குக்கு அழ ஆரம்பித்து ஊசிக்கும் சேர்த்து அழுதது. அவள் புட்டியை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டினாள்.

பிறகு யாரும் வரவில்லை. தேர்வாளரும் வரவில்லை. நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டனவாம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வேன் வந்து நின்றது. மேடம், சிஸ்டர், தேர்வாளர் மூன்று பேரும் இறங்கினார்கள். தேர்வாளர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். சுவர் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு மணிக்கு ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரம். மூன்று தாய்மார்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வேகமாக நடந்து வந்தார்கள். வீட்டிலிருந்த குழந்தைகளை உறவுக்காரர்கள் தூக்கி வந்து கொடுத்தார்கள். ஒன்றரைக்குள் அவர்கள் திரும்பிவிட வேண்டும்.

முதல் குழந்தைக்குத் தொடையில் போடுகிற ஊசி. அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. எல்லோரும் பார்த்தோம்.

"அக்கா, நீங்களே போட்டுடுங்களேன்" என்று சிரிஞ்சை நீட்டினாள்.

"அந்தப் பெரிய நர்சம்மாவே போடட்டும்" என்றாள் குழந்தையின் தாய்.

சிஸ்டரின் அட்டை முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் வாசலில் நின்றதால் அவர் விரல்கள் எனக்குத் தெரிந்தன. அட்டையின் விளிம்பில் வெளுத்துப் போயிருந்தன.

"நான் இன்னைக்குப் பரிட்சைக்கு வந்திருக்கேம்மா. ஊசி இவங்கதான் போடுவாங்க."

"இந்த வயசுல பரிட்சையா?"

"இன்னா பண்றது." பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார். "நடுங்குனா நடுங்கட்டும். சிரிஞ்ச ட்ரேல வை. ஒரு நிமிஷம் நில்லு. இப்ப எடு. எங்க போடப் போற, அவங்களுக்குச் சொல்லு."

அவள் சொன்னாள். போட்டாள். குழந்தை அழுதது, நின்றது. அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு குழந்தைகளுக்கும் தட்டம்மை ஊசி. அந்தப் பெண் ஐஸ் பெட்டியைத் திறந்து, காலையில் கலந்த புட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். சிஸ்டர் குனிந்து பார்த்தார். புட்டியின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எத்தன மணிக்குக் கலந்தது?"

"பத்தரை அக்கா."

சிஸ்டரின் வலது கை பின்னாலிருந்து முன்னால் வந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பேனாவோடு புட்டியின் மேல் குனிந்தார். மேடம் வாயைத் திறக்க முடியாது. பரீட்சை நேரத்தில் அவர் பேசக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்பது மணி என்று தெரியும். பத்தரைக்குக் கலந்தது என்றால் இரண்டரை வரை போடலாம். ஒன்பதுக்குக் கலந்தது என்றால் அந்த மருந்துக்கு ஒரு மணியோடு ஆயுள் முடிந்தது. மணி அப்போது ஒன்றே கால். நான் சொல்லியிருக்க வேண்டும். நான்கு பேர் இருக்கிற இடத்தில் கேட்காமல் நான் பேசியதே இல்லை. நான் பேசினால் பரீட்சையில் அவருக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும் என்றும் நினைத்தேன். அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள் என்றும் நினைத்தேன். மூன்றையும் நினைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன்.

பேனா புட்டிக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு சிஸ்டர் நிமிர்ந்து அதைத் திருப்பி, பின்பக்கத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"நீ தெறந்தது. நீயே எழுது."

அவள் வாங்கிக்கொண்டாள். புட்டியை இடது கையில் பிடித்தாள். எழுதவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், தேர்வாளரைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள். சிஸ்டர் எதுவும் சொல்லாமல் காத்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

"ஒம்போது மணிக்கா" என்றாள் அந்தப் பெண். "காலைல ஒரு பையனுக்குப் போட்டேன். சங்கு ஊதுனப்போ. எழுத மறந்துட்டேன்."

"இப்ப இன்னா மணி?"

"ஒண்ணே கால்."

"அப்ப இன்னா பண்ணணும்?"

"தனியா வைக்கணும். போடக் கூடாது."

"வை. வேற புட்டி இருக்கா?"

"இல்லக்கா. ஆரம்ப சுகாதார நிலையத்துலருந்துதான் எடுத்தாரணும்."

"சீட்டு எழுதிக் குடு. அம்மாங்களுக்கும் நீயே சொல்லிடு."

அவள் சொன்னாள். குரல் எழும்பவில்லை. ஒரு தாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"சாப்பிடாமகூட ஓடியாந்திருக்கோம். இப்ப வந்து மருந்து ஆவாதுன்னா எப்டி? எங்க லைன் சூப்பர்வைசருகிட்ட நீ வந்து பேசறியா?"

"உள்ளத சொல்றாங்கடி, உக்காரு" என்றாள் இன்னொருத்தி.

"நீ உக்காரு. உனக்குப் பர்மிஷன் குடுப்பாங்க. எனக்குப் பாதி நாள் கட்." அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சிஸ்டரைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு பாட்டுக்குப் போட்டிருக்கும். நீங்க வந்துதான் எல்லாம் பேஜாரு."

இருபத்துநான்கு வருடத்தில் வாசலுக்கு வந்த குழந்தையை ஊசி போடாமல் அனுப்பியதில்லை என்று வகுப்பில் சிஸ்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் வாசலில் என்னைத் தாண்டிப் போனாள். குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனது.

நானும் டிரைவரும் சீட்டோடு போய்ப் புதுப் புட்டியை ஐஸ் பெட்டியில் எடுத்து வர நாற்பது நிமிடம் ஆனது. காத்திருந்தவளின் குழந்தைக்கு அந்தப் பெண் மருந்தைக் கலந்து, மணி எழுதி, ஊசி போட்டாள். சிஸ்டரின் கை பின்னாலேயே இருந்தது.

முடிந்த பிறகு தேர்வாளர் சிஸ்டரை வெளியே அழைத்துப் போய் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். நான் பக்கத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன்.

"பேனாவ எதுக்கு எடுத்தீங்க?"

"எழுதத்தான் சார் எடுத்தேன்."

மறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அப்புறம்?"

"நான் அந்த நேரத்துல இங்க இல்லையே சார். எனக்கு எப்டித் தெரியும்னு தோணுச்சு."

"அந்தப் பொண்ணுதான் பத்தரைன்னு சொன்னாங்களே?"

"வாயால சொல்றது வேற சார். அவங்களையே எழுதச் சொன்னா யோசிப்பாங்க."

அவர் படிவத்தைப் புரட்டினார். "ஒரு குழந்தை ஊசி போடாம திரும்பிப் போச்சு. இதுல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. நான் எழுதியாகணும்."

"எழுதுங்க சார்."

வேனில் திரும்பும்போது சிஸ்டர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டா தாண்டிய பிறகு திரும்பினார்.

"தம்பி, காலைல சங்கு ஊதுறப்போ நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன் சிஸ்டர்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லல."

"சொல்லல சிஸ்டர்."

என்னையே பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. "சரி விடு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் அவர் அதைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் புட்டியின் மேல் பத்தரை என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று அடிக்கடி யோசிக்கிறேன். திறந்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முடிவு அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்தது. மேடம் தாளை என்னிடம் கொடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தச் சொன்னார். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். சிஸ்டரின் எண் எனக்குத் தெரியும். மேலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. தேர்ச்சி என்று போட்டிருந்தது. மார்க் குறைவுதான்.

மற்றவர்கள் பலகையைச் சூழ்ந்துகொண்டார்கள். சிஸ்டர் அங்கே இல்லை. தேடிப் போனேன். பின்பக்கம் குழாயடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் பரீட்சை நடந்த ஊர் நர்சுதான் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"அன்னைக்குத் திரும்பிப் போன அம்மா நேத்தும் வரலையா? நீ போன் பண்ணியா? எடுக்கலன்னா வீட்டுக்குப் போ... அவங்க திட்டுனா திட்டட்டும், கேட்டுக்கோ... சாப்பாட்டு நேரம் ஒரு மணிக்குத்தான், கம்பெனி கேட்டுக்கிட்ட போய் நில்லு."

"பாஸ், சிஸ்டர்" என்றேன்.

கேட்டது போலத்தான் இருந்தது. இன்னொரு கையைத் தூக்கி, இரு என்றார். அந்தப் பெண் எதையோ கேட்டிருக்க வேண்டும்.

"நான் வந்தா சீக்கிரம் ஆவும்தான். ஒரு வார்த்தைல கூட்டினு வந்துடுவேன். ஆனா நான் வர மாட்டேம்மா. நீ போ. இன்னா சொல்லணும்னு ஒரு வாட்டி எனக்குச் சொல்லிக் காட்டு, கேக்கறேன்."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தப் பெண் சொல்லிக் காட்ட ஆரம்பித்தாள். போனிலிருந்து மெல்லிய குரல் எனக்கும் கேட்டது. நடுவில் தடுமாறியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. சிஸ்டரின் உதடுகள் அசைந்தன. ஆனால் சத்தம் வரவில்லை.